வடிவைக் குடியேற்றிய ஆறு நாட்கள்

முப்பத்தொரு வருடமாக நோர்வேயின் பெர்கன் நகரத்தில் பேருந்து ஓட்டுகிறேன். அப்படிப்பட்டவனுக்கு இன்னொருவர் ஓட்டும் வாகனத்தில் சும்மா உட்கார்ந்திருப்பது பெரிய தண்டனை. கட்டுநாயக்கா விமான நிலையத்திலிருந்து என்னை ஏற்றிவந்த வேன்காரர் அதிவேகப் பாதையை விட்டுவிட்டு வத்தளை வழியாகப் பழைய வீதியில் வந்தார். ஏன் என்று கேட்டேன். "அதுல போனா கடையே இல்ல சேர், தேத்தண்ணி குடிக்க ஏலா" என்றார். அவர் தேத்தண்ணி குடித்து முடிக்கும்வரை காத்திருந்து, களனிப் பாலத்தில் முக்கால் மணி நேரம் நின்று, என் பக்கத்தில் இல்லாத பிரேக்கை மிதித்து மிதித்து அலுத்துப்போய் வெள்ளவத்தை வந்து சேர்ந்தேன்.

நான் விடுமுறைக்கு வரவில்லை. என் அண்ணையின் இடது காலை வெட்டுவதற்கு அவரிடம் கையெழுத்து வாங்க வந்தேன்.

அண்ணைக்கு நெடுநாளாகச் சீனி வருத்தம், நீரிழிவு. பெருவிரலில் தொடங்கிய புண் ஏறி, பாதம் முழுவதும் கறுத்துவிட்டது. காலை எடுக்காவிட்டால் ஆளே போய்விடுவார் என்று டாக்டர்கள் சொல்லியும் அவர் கையெழுத்து வைக்க மறுத்தார். காரணம் ஒரு பாம்பு. "ஏதோ தென் அமெரிக்கப் பாம்பாம். பதினொரு வருசமா கொட்டாஞ்சேனை அறையில வளக்கிறானாம். அதுக்கு ஒரு இடம் பாக்காமல் கையெழுத்து வைக்கமாட்டானாம். நீ வந்து கதை, எனக்கு ஏலாது" என்று அக்கா தொலைபேசியில் சொன்னபோது நான் டிப்போவில் கோப்பி குடித்துக்கொண்டிருந்தேன். இன்னொருமுறை சொல்லச் சொன்னேன். அவர் அதையே இன்னொருமுறை சொன்னார். அதன்பிறகுதான் லீவு கேட்கப் போனேன்.

அக்கா இருப்பது வெள்ளவத்தையில், கடலை நோக்கிப் போகும் ஒழுங்கையொன்றில், ஐந்தாம் மாடி. லிஃப்டில் 'திருத்த வேலை' என்று எழுதி ஒட்டியிருந்தது. அந்தத் தாள் வெயிலில் மஞ்சளாகியிருந்தது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறினேன். வாசலில் அக்கா என்னைக் கட்டிப்பிடிக்கும் முன் கால் கழுவச் சொன்னார். அவர் வீட்டில் செருப்புகள்கூட ஒரே கோட்டில்தான் நிற்கவேண்டும். மச்சம் மாமிசம் படியேறக் கூடாது, முட்டையும் அதில் சேர்த்தி. இடியப்பமும் சொதியும் சம்பலும் வைத்தார். பெர்கனில் நானும் மனைவியும் மழையைப் பார்த்துக்கொண்டு உருளைக்கிழங்கு அவித்துச் சாப்பிடுகிறவர்கள். பதினேழு இடியப்பம் சாப்பிட்டேன், வெட்கமில்லாமல்.

"அறை கிடக்குதுதானே. கால் போனாப் பிறகு அவன் கொட்டாஞ்சேனையில மாடிப்படி ஏறேலாது. இஞ்ச வரட்டும்" என்றார் அக்கா. "ஆனால் பாம்பு வந்தால் நான் இறங்கிப் போயிடுவன். சொல்லிப்போட்டன்."

மத்தியானம் ஆஸ்பத்திரி. பார்வையாளர் நேரம் தொடங்குமுன்னே சோற்றுப் பார்சல்களோடு பெரிய கூட்டம் வாசலில் நின்றது. நோர்வேயில் வார்டுக்குள் பூங்கொத்தோடு மெதுவாகப் போவார்கள். இங்கே கேற்றைத் திறந்ததும் எல்லோரும் ஓடினோம். எதற்கு ஓடுகிறேன் என்று தெரியாமல் நானும் ஓடினேன்.

அண்ணைக்கு அறுபத்துநாலு வயது. துறைமுகத்தில் சாமான் கணக்கெடுக்கும் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். கலியாணம் கட்டவில்லை. வீடியோவில் பார்த்த அண்ணையைவிட நேரில் பார்த்த அண்ணை பாதிதான் இருந்தார். போர்வைக்கு வெளியே காலை நீட்டியிருந்தார். நான் அதைப் பார்க்காமல் முகத்தைப் பார்த்தேன்.

"ஒரு பிரேசில் கப்பல் குசினிக்காரன் பிஸ்கட் டின்னுக்குள்ள வைச்சிருந்தவன். பென்சில் மொத்தம்தான். கப்பல் வெளிக்கிடக்க என்ர கையில தந்திட்டுப் போயிட்டான்" என்று அண்ணை ஆரம்பித்தார். எப்படி இருக்கிறாய் என்று என்னைக் கேட்கவேயில்லை. "போவா எண்டுறது, வானவில் போவா. விசம் துளியும் இல்லை. கடிச்சால் பூனை பிறாண்டின மாதிரி. அதுவும் கடிக்காது. பேர் வடிவு."

"அண்ணை, உங்கட கால்..."

"வடிவுக்கு ஒரு இடம் பாத்துத் தா. அண்டைக்கே கையெழுத்து வைக்கிறன்."

வார்டு டாக்டர் இளம் சிங்களப் பெண். என்னை வராந்தாவுக்குக் கூட்டிப்போய் ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னார். வெள்ளிக்கிழமை காலைப் பட்டியலில் அண்ணைக்கு ஓர் இடம் வைத்திருக்கிறாராம். வெள்ளி என்றால் முழங்காலுக்குக் கீழே முடிக்கலாம். அதற்குப் பிறகு முழங்காலுக்கும் உறுதி சொல்ல முடியாது, உயிருக்கும் சொல்ல முடியாது. "ஏன் மறுக்கிறார்? பயமா?" என்று கேட்டார். பாம்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. குடும்ப விஷயம் என்றேன்.

செவ்வாய்க்கிழமை கொட்டாஞ்சேனைக்குப் போனேன். செவ்வாயில் அந்தப் பக்கம் போகக் கூடாது என்று தெரிந்திருந்தும் மறந்துவிட்டேன். அந்தோனியார் கோவிலுக்குப் போகும் சனம் பேருந்து நிறைய இருந்தது. மெழுகுதிரிக் கட்டுகளுக்கும் பூமாலைகளுக்கும் நடுவே ஒரு காலில் நின்றபடி போனேன். இந்துக்கள், பௌத்தர்கள், ஒரு முஸ்லிம் அம்மா, எல்லோரும் அந்தோனியாரிடம் ஏதோ கேட்கப் போய்க்கொண்டிருந்தார்கள். நானும் இறங்கிப் போய் ஒரு பாம்புக்கு வீடு கேட்கலாமா என்று யோசித்தேன். வெயிலைப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்தேன்.

அண்ணைக்கு மாடி அறையை வாடகைக்குக் கொடுத்திருக்கிறவர் ரீற்றா அக்கா. விதவை, கத்தோலிக்கர், புருஷன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். என்னை உட்காரவைத்து, பாணும் கணவாய்க் கறியும் தந்தார். பாம்பைப் பற்றி இவருக்கு எப்படிச் சொல்வது என்று நான் முழித்துக்கொண்டிருக்க அவரே தொடங்கினார்.

"எனக்கு முதல் மாசமே தெரியும் தம்பி. கேக்கல்ல. கேட்டா, போங்கனு சொல்லணும். உங்க அண்ணன் சேரை அப்படிச் சொல்ல மனசு வரல்ல." மேலே கையைக் காட்டினார். "மாதா சுரூபத்துல பாம்பு அவங்க காலுக்குக் கீழ கிடக்கும். எனக்குத் தலைக்கு மேல கிடக்கு. தினமும் தீர்த்தம் தெளிக்கிறேன். அதுக்கு மேல என்னால ஏலா."

இதைவிட வேடிக்கை எலி விஷயம். அந்தத் தெருவில் எந்த வீட்டுக் கூட்டில் எலி விழுந்தாலும் விடிந்ததும் அண்ணையிடம் கொண்டுவந்து கொடுப்பார்களாம். யாழ்ப்பாணத்தார், மரக்கறி மட்டும் சாப்பிடுகிறவர், உயிரைக் கொல்லமாட்டார், முகத்துவாரம் பக்கம் கொண்டுபோய் விட்டுவிடுவார் என்று நம்பிக்கை. அண்ணையும் அவர்கள் கண்முன்னே கூட்டைக் கையிலெடுத்துக்கொண்டு தெருமுனைவரை நடந்துவிட்டு, பின்பக்க ஒழுங்கையால் திரும்பி வருவாராம். பதினொரு வருடமாக ஒரு தெருவே அவரை ஜீவகாருண்யவாதி என்று கும்பிட்டிருக்கிறது. ரீற்றா அக்கா இதைச் சிரிக்காமல் சொன்னார். நானும் சிரிக்கவில்லை, களைப்பு.

மேலே போய்ப் பார்த்தேன். பெரிய மீன்தொட்டி, மேலே கம்பிவலை, உள்ளே தண்ணீர்ச் சட்டி. யன்னலை அண்ணை துணியால் மூடி வைத்திருந்தார். அரையிருட்டில் மண்ணிறமாக ஏதோ சுருண்டு கிடந்தது. முதுகில் வட்ட வட்டமாகக் கறுப்பு வளையங்கள். நாக்கு வந்து போனது, அவ்வளவுதான். இதற்காகவா ஒரு மனிதன் சாகத் துணிந்தான் என்று எனக்கு ஆத்திரம் வந்தது. அதனிடம் சொல்லியும் பார்த்தேன். அது அசையவில்லை.

புதன்கிழமை முழுவதும் அலைச்சல். முதலில் ஓர் அலுவலகம். அங்கே இருந்த அதிகாரி மரியாதையானவர். இலங்கைப் பாம்பு என்றால் இப்போதே ஆள் அனுப்புவோம், இது வெளிநாட்டுப் பாம்பு, எங்களுக்கு உரியதல்ல என்றார். அவர் சொன்ன மற்ற அலுவலகத்துக்குப் போனேன். வெளிநாட்டிலிருந்து வந்ததற்கு என்ன கடிதம் இருக்கிறது என்று கேட்டார்கள். பிஸ்கட் டின்னில் வந்தது என்றேன். அப்படியானால் அது வந்ததாகக் கணக்கில்லை என்றார்கள். நோர்வேக்குப் போன முதல் நான்கு வருடமும் எனக்கும் இதே பதில்தான் கிடைத்தது. அங்கேயும் இல்லை, இங்கேயும் இல்லை. அந்தப் பாம்பின்மேல் எனக்கு முதன்முதலாகக் கொஞ்சம் இரக்கம் வந்தது அந்த மர வாங்கில் உட்கார்ந்திருந்தபோதுதான்.

பிறகு வத்தளையில் அலங்கார மீன் வளர்த்து ஏற்றுமதி செய்கிற ஒரு முஸ்லிம் நானாவிடம் போனேன். பேருந்து பேலியகொடையில் நின்று புகைவிட்டது. நடத்துநர் எல்லோரையும் இறக்கிப் பின்னால் வந்த பேருந்தில் திணித்தார். என் பேருந்து பெர்கனில் இப்படி நின்றால் நான் மூன்று படிவம் நிரப்பவேண்டும். இங்கே ஒரு கெட்டவார்த்தையோடு விஷயம் முடிந்தது.

என் தொலைபேசியில் பாம்பின் படத்தைப் பார்த்ததும் நானாவின் கண் விரிந்தது. "மாஷா அல்லாஹ், நல்ல வடிவான சாமான். ஆனா எனக்கு ஏலா தம்பி. பாம்பு ஈக்கிதுன்டு தெரிஞ்சா என்ட வேலையாட்கள் நாளைக்கு வரமாட்டாங்க." தேத்தண்ணி தந்தார், வட்டிலப்பம் தந்தார், தலையணை உறையில் போட்டுக் கட்டினால் பாம்புக்கு மூச்சு முட்டாது என்று புத்தியும் தந்தார். எல்லாம் தந்தார், இடத்தைத் தவிர.

மாலையில் அண்ணையிடம் போய் உண்மையைச் சொன்னேன். யாரும் எடுக்கமாட்டார்கள், நாளை ஒருநாள்தான் மிச்சம் என்றேன். காய்ச்சல் ஏறியிருந்தது அவருக்கு. உதடு வெடித்திருந்தது. "அக்காவைக் கேட்டுப் பாத்தியா?" என்றார்.

"அவ இறங்கிப் போயிடுவாவாம்."

அண்ணை கண்ணை மூடிக்கொண்டார். "சரி. நீ போய்ப் படு. களைச்சுப் போய்க் கிடக்கிறாய்." அதை அவர் என் அண்ணையாகத்தான் சொன்னார். எனக்கு அழுகை வந்துவிட்டது. மறைக்கவும் முயலவில்லை.

வியாழன் காலை ரீற்றா அக்கா தொலைபேசியில் பதறினார். தெருவில் ஒருவர் எலிக்கூட்டோடு வந்து, சேர் ஆஸ்பத்திரியில் என்று தெரியாமல் நேரே மாடிக்கு ஏறித் பூட்டின் திறப்பு ஓட்டையால் பார்த்துவிட்டாராம். முதுகில் வட்ட வளையம் கண்டால் இந்த ஊரில் யாருக்கும் ஒரே பெயர்தான் வாயில் வரும்: கண்ணாடிப் புடையன். கடித்தால் ஆள் மிஞ்சாத பாம்பு. நான் போய்ச் சேர்ந்தபோது வாசலில் ஏழெட்டுப் பேர் தடியோடு நின்றார்கள். ஒருவர் மண்ணெண்ணெய்ப் போத்தல் வைத்திருந்தார்.

ரீற்றா அக்கா கீழ்ப்படியில் உட்கார்ந்திருந்தார், கையில் ஜெபமாலை. "சேரோட ரூமுக்குள்ள சேர் இல்லாம ஒருத்தரும் போக ஏலா. தம்பி மட்டும் போகலாம்" என்றார். அவர் பாம்புக்குப் பயந்தவர். ஆனாலும் அசையாமல் இருந்தார்.

நான் மேலே போனேன். தொட்டியைத் திறந்தேன். வடிவைத் தூக்கியபோது பாரமாக, குளிர்ச்சியாக, முழுக்கத் தசையாக இருந்தது. என் கையைச் சுற்றிப் பிடித்தது. நெரிக்கவில்லை, விழாமலிருக்கப் பிடித்த மாதிரி இருந்தது. தலையணை உறைக்குள் விட்டுக் கட்டி, விமானத்தில் கொண்டுவந்த தோள்பையில் வைத்து இறங்கினேன். "அடிச்சாச்சா?" என்று தடிக்காரர் கேட்டார். "அனுப்பியாச்சு" என்றார் ரீற்றா அக்கா. எங்கே அனுப்புகிறேன் என்று எனக்கே தெரியாது.

முச்சக்கரவண்டி பிடித்தேன். கொள்ளுப்பிட்டி வரும்வரை ஒன்றும் இல்லை. பிறகு பை அசைந்தது. கண்ணாடியில் பார்த்த ஓட்டுநர் சிங்களத்தில் கேட்டார்: "அண்ணே, உள்ளே கோழியா?" ஓம் என்று சொல்லியிருக்கலாம். பொய் சொல்லவும் ஒரு தெம்பு வேண்டும். "பாம்பு" என்றேன்.

காலி வீதியின் நடுவில் வண்டியை நிறுத்திவிட்டு அவர் இறங்கி ஓடி நடைபாதையில் நின்றார். பின்னால் ஹோன் சத்தம் காதைப் பிளந்தது. ஒரு பேருந்தும் மறிபட்டு நின்றது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. முன்னால் போய் உட்கார்ந்து, வண்டியை நானே ஓரம்கட்டினேன். விஷம் இல்லை என்று தெரிந்த சிங்களமெல்லாம் சேர்த்துச் சொன்னேன். "உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும், பாம்புக்குத் தெரியுமா?" என்றார் அவர். கும்பிட்டுக் கேட்டார், இறங்கிவிடச் சொல்லி. இறங்கினேன்.

பின்னால் இன்னும் நகர முடியாமல் நின்ற அதே பேருந்தில் ஏறினேன். ஏற்கெனவே நெரிசல். நான் ஒரு கையால் கம்பியையும் மறு கையால் பையையும் பிடித்து ஆடிக்கொண்டிருந்தபோது, உட்கார்ந்திருந்த ஒரு பெண் என் பையை நோக்கிக் கையை நீட்டினார். இந்த நாட்டுப் பேருந்துகளில் அது வழக்கம். நிற்கிறவரின் பையை இருக்கிறவர் வாங்கி மடியில் வைத்துக்கொள்வார். முன்பின் தெரிந்திருக்க வேண்டியதில்லை. கொடுக்காவிட்டால்தான் சந்தேகம். நான் "பரவாயில்லை" என்றேன். அவர் விடவில்லை, கொடுங்கள் என்று பையைப் பிடித்து இழுத்தே வாங்கிவிட்டார்.

அலுவலகத்திலிருந்து அரைநாள் லீவில் வீட்டுக்குப் போகிறவர்போல. பையின்மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு இரண்டு நிமிடத்தில் தூங்கிப் போனார். ஐந்தரை அடி நீளமான ஓர் அமேசான் பாம்பு ஒரு பெண்ணின் மடியில் கொள்ளுப்பிட்டியிலிருந்து வெள்ளவத்தை வரை வந்தது. சூடு கிடைத்ததால் அதுவும் அசையவில்லை. இரண்டு பேரும் நிம்மதியாக வந்தார்கள். வியர்த்துக் கொட்டியது எனக்குத்தான். என் பேருந்தில் யாராவது இப்படிச் செய்தால் பொலிஸைக் கூப்பிட்டிருப்பேன். இறங்கும்போது அவர் பையைத் தூக்கித் தந்து, "நல்ல பாரம், வீட்டுக்குச் சாப்பாட்டுச் சாமானா?" என்று சிங்களத்தில் கேட்டார். தலையை ஆட்டினேன். அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்க இன்றும் ஆசை.

அக்கா கோவிலுக்குப் போயிருந்தார். ஐந்து மாடி ஏறி, குளியலறையில் ஒரு பெரிய வாளியை வைத்து, அதற்குள் உறையை வைத்து வலைத்தட்டால் மூடி, கதவைச் சாத்தினேன். அக்கா வந்ததும் சொல்லிக் காலில் விழலாம் என்று நினைத்துக் கதிரையில் உட்கார்ந்தேன். அப்படியே தூங்கிவிட்டேன். நாலு நாளில் நான் செய்த ஒரே உருப்படியான காரியம் அந்தத் தூக்கம்.

"தம்பி. இஞ்ச வா. சத்தம் போடாதை."

துடித்து எழுந்தேன். குளியலறைக் கதவு திறந்திருந்தது. அக்கா வாசலில் நின்றார். மேற்கு யன்னலால் பின்னேர வெயில் நேராக உள்ளே விழுந்துகொண்டிருந்தது. வடிவு உறையிலிருந்தும் வாளியிலிருந்தும் வெளியே வந்து ஈரத் தரையில் நீளமாகக் கிடந்தது. அரையிருட்டில் நான் பார்த்த மண்ணிறப் பாம்பு அது இல்லை. உடம்பு முழுக்கப் பச்சையும் நீலமும் ஊதாவும் ஓடின. மூச்சு விட விட நிறம் இடம் மாறியது. அண்ணை ஏன் அந்தப் பெயரை வைத்தார் என்று அப்போதுதான் விளங்கியது.

அக்கா கத்துவார், இறங்கிப் போவார் என்று காத்திருந்தேன். அவர் இரண்டு கையையும் கூப்பியிருந்தார்.

"நாகதம்பிரான்" என்றார்.

"அக்கா, இது பிரேசில் பாம்பு. அண்ணையின்ர..."

"தெரியும். எங்க இருந்து வந்தால் என்ன? நயினாதீவில அம்மனுக்குப் பூக் கொண்டுவந்த நாகமும் கடல் கடந்து வந்ததுதான்." கூப்பிய கையை அவர் இறக்கவில்லை. "வீடு தேடி வந்தவரைப் போ எண்டு சொல்லுறதே? எங்கட ஆக்கள் சொல்லமாட்டினம்."

படமெடுக்காத பாம்பு, நாகமே இல்லை என்று நான் வாதாடவில்லை. நாலு நாளாக நான் தேடிய இடம் தானாகத் திறந்திருக்கிறது, அதை விலங்கியல் பேசி மூடுவேனா? அக்கா வெள்ளிக் கிண்ணத்தில் பால் கொண்டுவந்து வைத்தார். வடிவு அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. கால் மணி நேரம் காத்திருந்துவிட்டு அக்கா கவலைப்பட்டார். என் தொலைபேசியை வாங்கித் தானே அண்ணைக்கு வீடியோவில் எடுத்தார்.

"டேய் நேசன். இவர் பால் குடிக்கிறார் இல்லை."

திரையில் அண்ணை முதலில் அக்காவைப் பார்த்தார். பிறகு அக்கா திருப்பிக் காட்டிய தரையைப் பார்த்தார்.

"அக்கா... அது பால் குடிக்காது. எலி."

முட்டைக்குக்கூட இடமில்லாத வீடு அது.

"எத்தினை நாளைக்கு ஒருக்கா?"

"ரெண்டு கிழமைக்கு ஒண்டு போதும்."

அக்கா யோசித்தார். "முந்தி வைரவருக்குக் கிடாய் வெட்டினவைதானே. அவரவருக்கு என்ன படையலோ அதைத்தான் குடுக்கவேணும். ஆனால் என்னால ஏலாது. கண்ணால பாக்கவும் மாட்டன். நீதான் வந்து குடுக்கவேணும்."

"நானோ?"

"பின்னை ஆர்? இவன் நோர்வேயில இருந்து வந்து குடுப்பானே? கெதியா அந்தக் காலை வெட்டிப்போட்டு வந்து சேர்."

அண்ணை தாதியைக் கூப்பிடும் சத்தம் கேட்டது. சம்மதப் பத்திரத்தை அப்போதே கேட்டு, தொலைபேசியைத் தலையணையில் கவிழ்த்துவைத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். எங்களுக்குத் தெரிந்தது வெள்ளைத் துணி மட்டும்தான்.

வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரி வாங்கில் போனது. அக்கா விரதம். நான் கன்டீனில் நான்கு வடையும் மூன்று தேத்தண்ணியும். பக்கத்தில் இருந்த மருதானைக்காரர் தன் மருமகனின் குடலைப் பற்றி முழுவதும் சொன்னார். கேட்டுக்கொண்டிருந்தேன், கேட்காமலும் இருந்தேன். இரண்டு மணிக்கு டாக்டர் வந்து முழங்காலுக்குக் கீழேதான் என்று சொன்னார். அக்கா அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.

சனிக்கிழமை நான் மட்டும் முதலில் போனேன். அக்கா வீட்டில் நின்று, அண்ணைக்கான அறையில் கட்டிலை எந்தப் பக்கம் போடுவது என்று காவலாளியோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார். அண்ணைக்குக் காய்ச்சல் இறங்கியிருந்தது. போர்வை ஒரு பக்கம் தட்டையாகக் கிடந்தது. தண்ணீர் கேட்டார், கொடுத்தேன்.

"அண்ணை, ஒண்டு கேக்கிறன். நான் எங்க எல்லாம் அலைஞ்சன் தெரியுமே? அந்தப் பாம்பை ரீற்றா அக்காவே இன்னும் ஒரு மாசம் வைச்சிருப்பா. நீங்கள் முதலே கையெழுத்து வைச்சிருக்கலாம். உயிரோட விளையாடுறதே?"

அண்ணை கூரையைப் பார்த்தார். வெட்கப்பட்டவர்போல் கொஞ்சம் சிரித்தார்.

"அக்காவை உனக்குத் தெரியும்தானே. ஒரு கால் ஆடுற கதிரையைக்கூட அவ வீட்டில வைச்சிருக்கமாட்டா, அண்டைக்கே தூக்கி எறிவா. வா எண்டு வாயால சொன்னவதான். நான் நம்பேல்லை." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "காலே இல்லாத ஒண்டை அவ உள்ளுக்கு விடுறாவோ எண்டு பாத்தனான். விட்டால் என்னையும் விடுவா. விடாட்டில் காலை ஏன் வெட்டவேணும், கிடந்து சாவம் எண்டு நினைச்சனான்."

எனக்குக் கோபம் வரவில்லை. நோர்வேயில் இருந்த இத்தனை வருடத்தில் ஒருமுறைகூட, என்னோடு வந்து இரு என்று நான் அவரைக் கேட்டதில்லை. மனதில்கூட நினைத்ததில்லை. அண்ணை அதைச் சொல்லிக் காட்டவில்லை. ஒரு வார்த்தை திட்டியிருந்தால் நான் கொஞ்சம் நிம்மதியாக விமானம் ஏறியிருப்பேன்.